பிணைந்ததா, பிணைத்ததா?

போன ஆண்டு எங்கள் துறையில் முதுகலை படித்த மாணவி ஒருத்தி, தன் ஆய்வேட்டின் முதல் இயலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெண்கள் எழுதிய கதைகளில் தாய்வீடு எப்படி வருகிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: “பெண்ணுக்கும் தாய்வீட்டுக்கும் உள்ள உறவு மிகவும் சிக்கலானது, அதில் பாசமும் சொத்தும் பின்னிப் பிணைந்துள்ளன.” பிழை எதுவும் இல்லாத வாக்கியம். இதுபோல நானே நூறு வாக்கியம் எழுதியிருப்பேன். ஆனாலும் உறுத்தியது. ஓரத்தில் பென்சிலால் “எப்படி?” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் வந்து நின்றாள். “அது ரொம்ப காம்ப்ளிகேட்டட் மேம்.”

“அதத்தான எழுதியிருக்க. எப்படின்னு சொல்லும்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுத் தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவுக்கு இருபோகம் விளையும் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். அம்மாவுக்கு இரண்டு அண்ணன்கள். ஒருநாள் காலையில் பெரிய மாமா காரோடு வந்து, “ஒரு கையெழுத்துதான் பாப்பா, வந்து போட்டுட்டு வந்துரு” என்று பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார். சாயங்காலம் அம்மா ஒரு பட்டுச்சேலையோடும் கொஞ்சம் பணத்தோடும் திரும்பி வந்தாள். “அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பிடல மேம். ஏம்மான்னு கேட்டா, ஒன்னுமில்ல, நாளைக்கு ஒனக்கு மாமாதான முன்ன நின்னு செய்யணும்னு சொல்லுச்சு.”

பிறகு அவளே கேட்டாள்: “அந்தப் பத்திரத்துக்கு என்ன பேரு தெரியுமா மேம்? விடுதலைப் பத்திரம்.”

இதில் எது காம்ப்ளிகேட்டட்? யார் வந்தார், எங்கே கூட்டிப்போனார், யார் கையெழுத்துப் போட்டது, யார் பேருக்கு நிலம் மாறியது, பதிலுக்கு என்ன கிடைத்தது, எதற்குப் பயந்து அம்மா சம்மதித்தாள் என்று எல்லாமே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. வாயால் சொன்னபோது வரிசையாகச் சொன்னாள். எழுத உட்கார்ந்தபோதுதான் அது ‘சிக்கலான உறவு’ ஆகிவிட்டது. மாமா காணாமல் போனார்; பத்திர ஆபீஸ் காணாமல் போனது; ஒன்றரை ஏக்கர் ‘சொத்து’ என்ற பொதுச்சொல் ஆனது. இதை அவளுடைய குறையாக நான் நினைக்கவில்லை. இப்படி எழுதினால்தான் ஆய்வு என்று நாங்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

காம்ப்ளக்ஸ், காம்ப்ளிகேட்டட், காம்ப்ளிகேஷன் என்ற சொற்கள் மதுரையில் எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. கடைகள் இருக்கும் கட்டடம் காம்ப்ளக்ஸ். கணவனைவிட அதிகம் சம்பாதிக்கும் பெண் ஏதாவது கேள்வி கேட்டால், “அவளுக்கு ஒரு காம்ப்ளக்ஸ்.” பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் தாயிடம், “டெலிவரியில கொஞ்சம் காம்ப்ளிகேஷன்.” அந்தத் தாயின் தாய்க்குப் பேறுகாலம் பார்த்த கிழவி, “கொடி சுத்தியிருக்கு”, “புள்ள குறுக்க கெடக்கு”, “நஞ்சு எறங்கல” என்று தனித்தனியாகச் சொல்லியிருப்பாள். மருத்துவம் முன்னேறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வார்டுக்கு வெளியே நிற்பவளுக்கு அன்று கிடைத்த செய்திகூட இன்று கிடைப்பதில்லை. அவளுக்குக் கிடைப்பது, மேற்கொண்டு கேட்காதே என்று பொருள்படும் ஒரு சொல்.

இந்தச் சொற்கள் பிறந்த இடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். காம்ப்ளிகேட்டட் என்பது லத்தீனில் ‘மடித்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. பலவற்றைச் சேர்த்து மடித்தது என்று பொருள். காம்ப்ளெக்ஸ் என்பதில் ‘பின்னுதல்’ என்ற வினை இருக்கிறது. இன்ட்ரிகேட் என்பதற்கு வேர், தொல்லை தரும் அற்பங்களைக் குறிக்கும் சொல். கன்வலூட்டட் என்றால் சுருட்டியது. ஆக, மடிப்பது, பின்னுவது, சுருட்டுவது என்று எல்லாம் கையால் செய்யும் வேலைகள். நாட்போக்கில் கை மறைந்து, வேலையின் பலன் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. இதே குடும்பத்தில் இன்னொரு சொல் உண்டு: காம்ப்ளிசிட்டி. அதே ‘சேர்த்து மடித்தல்’தான். தமிழில் அதை உடந்தை என்கிறோம். காம்ப்ளிகேட்டடும் உடந்தையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முதல் பிள்ளையை மட்டும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, இரண்டாவதை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

தமிழில் இந்தப் பொருளுக்கு ஒரு சொல் மட்டும் இல்லை. சிக்கல் வேறு, பின்னல் வேறு, முடிச்சு வேறு, நெசவு வேறு. தலைமுடி காற்றில் சிக்காகிறது. நூற்கண்டு உருண்டு சிக்காகிறது. அதை யாரும் திட்டம்போட்டுச் செய்வதில்லை. பின்னல் அப்படியல்ல, மூன்று கால் எடுத்து ஒருத்தி உட்கார்ந்து பின்ன வேண்டும். நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும், தறி வேண்டும், தறிக்குச் சொந்தக்காரர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என்று ஆட்கள் வேண்டும். முடிச்சு என்றால் போட்ட கை ஒன்று கட்டாயம் உண்டு. எந்த முடிச்சும் தானாக விழுந்ததாக நாம் பேச்சில் ஒப்புக்கொள்வதில்லை. “யார் போட்ட முடிச்சு?” என்று கேட்போம்.

இவை வெறும் உவமைகள் அல்ல என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். சுங்குடிச் சேலை இந்த ஊரில் முடிச்சால் ஆனது. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து, துணியை நகத்தால் கிள்ளியெடுத்து, நூலால் இறுக்கி ஒவ்வொரு முடிச்சாகப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கியெடுத்து, உலர்த்தி, முடிச்சை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சடித்த புள்ளிகள், கைமுடிச்சு அருகிப்போனது. முடிச்சுப் போட்ட சேலைக்கும் அச்சடித்த சேலைக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தால்தான், ஒன்றில் புள்ளிக்குப் பின்னால் ஒருத்தியின் நகமும் கண்பார்வையும் கூலியும் இருப்பது தெரியும். ‘சிக்கலான’ என்று எழுதும் விமர்சனம் அச்சுச் சுங்குடியைப் போன்றது. புள்ளி இருக்கிறது, போட்டவள் இல்லை.

முடிச்சைப் பற்றி நம் மொழி யார் பக்கம் பேசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண் போடும் மூன்று முடிச்சு மங்கலம். பெண் போடுவதாகச் சொல்லும் முந்தானை முடிச்சு கேலி. அதில் ‘சிக்கிய’ கணவன் பரிதாபத்துக்குரியவன். மடியில் முடிந்து வைத்த காசைத் திருடுபவனுக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர். அதுவே வசவும் ஆனது. அவிழ்ப்பது களவு என்ற எண்ணம் அந்த வசவுக்குள் இருக்கிறது. விமர்சனம் என்பது முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும் வேலை என்றால், அந்த வசவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் ‘சிக்கல்’ என்ற பாதுகாப்பான சொல்லுக்குள் நாம் போய்விடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

‘பின்னிப் பிணைந்த’ என்ற தொடர் இல்லாத தமிழ்த் திறனாய்வு நூல் அபூர்வம். சாதியும் பாலினமும் பின்னிப் பிணைந்தவை. மதமும் குடும்பமும் பின்னிப் பிணைந்தவை. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது ‘திருந்தினான் – திருத்தினான்’ என்று எடுத்துக்காட்டுச் சொல்வோம். பிணைந்தது – பிணைத்தது என்பதும் அதே இணைதான். ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. ஆனால் ‘பிணைத்தது’ என்று எழுதியதும் வாக்கியம் நம்மைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது: யார்? எதை எதோடு? எதற்காக? ‘பிணைந்தது’ என்று எழுதினால் எந்தக் கேள்வியும் இல்லை. பாலுக்குள் நெய்போல அது தானாக அப்படி இருக்கிறது.

இந்தச் சோதனையை இரண்டு படைப்புகளில் செய்து பார்க்கிறேன். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966இல் வந்தது. அதன் அலங்காரத்தம்மாளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாணவி, “காம்ப்ளெக்ஸ் கேரக்டர் மேம்” என்பாள். நானும் பல ஆண்டுகள் தலையாட்டியிருக்கிறேன். கணவன் இருக்க வேறொருவனோடு உறவு. அந்தப் பாவத்தைத் தீர்த்துக்கொள்ள மகனை வேதம் படிக்க அனுப்புதல். உண்மைதான், எளிதில் அளந்துவிட முடியாத மனம். ஆனால் ‘சிக்கலான பாத்திரம்’ என்று சொன்னதும் முடிச்சு முழுக்க அவளுடைய மனத்துக்குள் போய்விடுகிறது. எல்லாம் தெரிந்தும் அதே வீட்டில் இருக்கும் தண்டபாணியின் மௌனம் அந்த முடிச்சில் ஒரு இழை இல்லையா? தாயின் பாவத்தை மகன் ஓதித் தீர்க்கலாம் என்று வைத்திருக்கும் ஏற்பாடு ஒரு இழை இல்லையா? அவற்றை எடுத்துவிட்டு அவளை மட்டும் புதிர் என்று வியப்பது, பாராட்டுப் போலத் தெரியும் ஒரு தீர்ப்பு.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. அதற்குப் பின் 1994இல் வந்தது ‘சங்கதி’. அதில் மாரியம்மா என்ற இளம்பெண்ணின் கதை வருகிறது. தண்ணீர் குடிக்கப் பம்புசெட்டுப் பக்கம் போனவளை நிலக்காரன் இழுக்கிறான். அவள் தப்பி ஓடுகிறாள். தன் பெயர் கெட்டுவிடுமென்று அவன் முந்திக்கொண்டு, அவளையும் அவளுடைய தெருப் பையன் ஒருவனையும் சேர்த்துப் பழி சொல்லிவிடுகிறான். ஊர்க்கூட்டம் கூடுகிறது. நடந்தது தெரிந்த பெண்கள் இருந்தும் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அவனைவிட அவளுக்குத்தான் அதிகத் தண்டம். பெற்ற தகப்பனே எல்லோர் முன்னாலும் அடிக்கிறான்.

இந்தக் கதையைப் பற்றி வரும் கட்டுரைகளில் ‘சிக்கலான பாத்திரம்’ என்ற சொல் மாரியம்மாவுக்குக் கிடைப்பதை நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கிடைப்பது ‘அவல வாழ்வு’. அக்ரகாரத்து அலங்காரத்துக்கு மனம் உண்டு, அதனால் சிக்கல். கூலிக்காரி மாரியம்மாவுக்கு வயிறும் உடம்பும் மட்டும் உண்டு, அதனால் அவலம். சிக்கல் என்ற சொல்லைக்கூட நாம் சாதியும் நிலமும் பார்த்துத்தான் பங்கு வைக்கிறோம். ஆனால் பாமா எழுதியதைப் பொறுமையாகப் படித்தால், மாரியம்மாவின் கதையில் ஒவ்வொரு முடிச்சும் அதைப் போட்ட கையோடு இருக்கிறது. வேலை கொடுக்கும் நிலம் யாருடையது, அந்த நிலத்தை நம்பியிருப்பதால் நாட்டாமை யாருக்குப் பயப்படுகிறார், அந்தப் பயத்தின் விலையைச் சொந்தச் சாதி ஆண்கள் யார் தலையில் கட்டுகிறார்கள் என்று வரிசையாகத் தெரிகிறது. சாதியும் பாலினமும் இங்கே ‘பிணைந்து’ கிடக்கவில்லை. ஒரு சாயங்காலக் கூட்டத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், இன்னின்னார் அவற்றைப் பிணைக்கிறார்கள்.

இங்கே மாணவிகள் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற சொல்லைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். ஊடுவெட்டு, குறுக்குவெட்டு என்று அதற்குத் தமிழாக்கங்கள் புழங்குகின்றன. குறுக்குவெட்டு என்றால் எனக்குத் தாவரவியல் வகுப்பில் தண்டை வெட்டிப் பார்த்த ஞாபகம்தான் வருகிறது. தமிழாக்கத்தைவிட, அந்தச் சொல் எதற்காகப் பிறந்தது என்பது முக்கியம். அமெரிக்கக் கறுப்பினச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் அதைக் கட்டுரையில் வைத்தபோது, ‘எல்லாம் ஒன்றோடொன்று கலந்தது’ என்று பொதுவாகச் சொல்ல வைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் தொடுத்த வழக்கு அவருக்கு முன்னால் இருந்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி, அவர்கள்தான் வெளியேறினார்கள். நீதிமன்றம் 1976இல் சொன்னது இதுதான்: நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகக் கேட்கலாம், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்தச் சொல் பிறந்தது ஒரு விதியையும் ஒரு தீர்ப்பையும் ஒரு சம்பளப் பட்டியலையும் சுட்டிக்காட்ட. அதை எடுத்துவந்து, யாரையும் எதையும் சுட்டாத ‘சிக்கல்’ என்பதற்கு மாற்றுச் சொல்லாக வைப்பது, அந்த ஐந்து பெண்களை இரண்டாம் முறை வெளியேற்றுவது போல.

அதே 1989இல் தமிழில் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ வந்தது. சேரியைச் சேர்ந்த விதவை தங்கம், புகுந்த வீட்டு ஆண்களிடம் நிலத்தில் பங்கு கேட்டு ஏமாறுகிறாள். கூலிக்குப் போன இடத்தில் நிலக்காரனால் சீரழிக்கப்படுகிறாள். அவனுடைய மனைவியின் ஆட்கள் அவளை அடிக்கிறார்கள். நியாயம் வாங்கித்தருவதாகச் சொல்லும் சொந்தச் சாதித் தலைவன் காத்தமுத்துவும் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். கிரென்ஷாவின் சொல் அமெரிக்காவில் அச்சான ஆண்டிலேயே, அந்தச் சொல் தேவைப்படாமல், அது சொல்ல வந்ததைத் தமிழ்ப்பெண் ஒருத்தி ஆள் ஆளாகக் காட்டிவிட்டாள். நம் விமர்சனம்தான் அதற்குப் பின்னால் நடந்துவர வேண்டும்.

1989க்கு நம் மாநிலத்தில் இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அந்த ஆண்டு மார்ச் 25 முதல், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. 2005இல் இந்தியா முழுவதற்கும் சட்டம் மாறியது. மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது, அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் இவ்வளவு அவிழ்த்துவிட்ட பிறகும், வாடிப்பட்டியில் ஒரு கார் வந்து நிற்கிறது. பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்கு விடுதலை என்று பெயர். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. சொத்தின் மீதுள்ள பாத்தியத்தை விடுவது என்பதுதான் அதற்குச் சட்டப் பொருள். ஆனால் கையெழுத்துப் போட்டவளுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

இவ்வளவு சொன்னதால், எல்லாமே எளிது, கெட்டவன் ஒருவனைக் காட்டிவிட்டால் விமர்சனம் முடிந்தது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலச் சொல்லை விரட்டுவதும் என் நோக்கமல்ல. ‘சிக்கலான’ என்று தமிழில் எழுதினாலும் அதே மறைப்புத்தான். சிக்கு என்பதும் உண்மையில் உண்டு. ஆனால் தலையில் சிக்கெடுக்கும் எந்தப் பெண்ணும் வேரிலிருந்து சீப்பை இழுக்க மாட்டாள். நுனியிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காமல் எடுத்துவருவாள். எடுத்தபின் மிஞ்சுவதுதான் உண்மையான சிக்கு. விமர்சகருக்கும் அதே வரிசைதான் சரி: முதலில் போட்ட முடிச்சுகளை, போட்ட கைகளோடு எண்ணிவிடுவது, அதன்பிறகும் அவிழாமல் இருப்பதை மட்டும் சிக்கல் என்று அழைப்பது. எண்ணுவதற்கு முன்பே அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் வேலையைச் செய்யாமல் கூலி வாங்கியதாகும்.

இப்படி எழுதுவது நமக்குப் புதிதும் அல்ல. நன்னூல் பாயிரத்தில் நூல் என்ற பெயருக்கு ஒரு விளக்கம் உண்டு. சொல்தான் பஞ்சு, புலவனின் வாய்தான் கை, அறிவுதான் கதிர் என்று போகும் அந்த உவமையில், புலவன் யாருக்கு ஒப்பாகிறான்? நூல் நூற்கும் பெண்ணுக்கு. புறநானூற்றில் பருத்திப் பெண்டு என்று பெயர் பெற்றவள் அவள். உவமையாக வந்தவளுக்கு ஏடு கொடுக்கவில்லை என்ற வழக்கு அப்படியே இருக்கிறது. ஆனாலும் எழுத்து என்பதற்கு ஒரு கை உண்டு, அது பெண்ணின் கையாக இருக்கலாம் என்று இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அந்த மாணவி மூன்று வாரம் கழித்து இயலைத் திருத்திக் கொண்டுவந்தாள். தாய்வீட்டுச் சீர், தாய்மாமன் முறை, பத்திரம் எல்லாம் கதைகளில் எங்கெங்கே வருகின்றன என்று பிரித்து எழுதியிருந்தாள். பழைய வாக்கியம் இப்படி மாறியிருந்தது: “மகளின் பங்கை வாங்கிக்கொள்ளும் அண்ணன், அதற்கு ஈடாகச் சீர் செய்வதாகச் சொல்லிப் பாசத்தையும் சொத்தையும் பிணைக்கிறான், கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று ஊர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.” முன்னதைவிட நீளம், அழகும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அதில் ஆட்கள் இருந்தார்கள்.

கீழே ஓரமாக, எனக்காக மட்டும், பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினாளாம். அம்மா கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான். ஆனா எங்கண்ணன அப்பிடி எழுதாத” என்றாளாம். “இதை எந்த இயலில் சேர்ப்பது மேம்?” என்று கேட்டிருந்தாள்.

அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. சிக்கல் என்ற சொல்லை அந்த இடத்துக்காகத்தான் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.